கை நனைத்த நாட்கள்

குமணன்சாவடி
18-6-2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வரலட்சுமி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். படித்துவிட்டுக் கிழியுங்கள். உங்கள் புனே முகவரியை உங்கள் எதிர்வீட்டு முனியம்மாவிடம் வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தாள். ஆனால் போன் பண்ணினால் நான் அழுவேன், நீங்கள் சண்டை போடுவீர்கள், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதோடு உங்கள் மகள் யுவராணிக்கு ஆறாம் மாதம், இரத்த அழுத்தம் ஏறிப் படுக்கையில் இருக்கிறாள் என்றும் முனியம்மா சொன்னாள். அந்தச் சின்ன வீட்டில் நீங்கள் போனில் பேசினால் அவள் காதில் விழாமல் இருக்காது. அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை மதியம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, வாசல் குழாயில் கை கால் கழுவிக்கொண்டு நேரே வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். "லச்சுமி, பசிக்குது. இன்னா கொயம்பு?" என்றார். நேற்றுத்தான் வந்து போனவர் மாதிரி. நான் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். என் மகள் கல்யாணப் பந்தியில், "இனிமே இவங்க ஊட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று இலையை விட்டு எழுந்து போனவர். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர்.

அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பாரும் அப்பளமும்தான். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: "இன்னும் பாப்பா காலேஜ்லேந்து வர்லியா?"

அண்ணி, பாப்பாவின் கல்யாணத்தில்தானே அந்தச் சண்டையே வந்தது. அவள் ஓசூரில் இருக்கிறாள், அவள் பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அண்ணனுக்குக் கோபம் தீரவில்லை. மறந்துபோயிருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் மதியம் வருகிறார். சில நாள் என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முந்தாநாள் பஸ்ஸில் இறங்க மறந்து பூந்தமல்லி வரைக்கும் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் உங்கள் வீட்டில் விடும்போது அடுப்பங்கரையை எட்டிப் பார்த்திருக்கிறார். அடுப்பில் தூசி, மேடையெல்லாம் பன் பாக்கெட். இங்கேயே தங்குங்கள் என்றால் "அவ ஊட்டுல தனியா கீறா" என்று கிளம்பிவிடுகிறார். நீங்கள் ஊரில் இல்லை என்பதும் நினைவில்லை.

ராத்திரி போனில் "சாப்பிட்டேன்" என்று உங்களிடம் சொல்கிறாராம். எங்கே, என்ன என்று நீங்கள் கேட்கவே மாட்டீர்களா? என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வரலட்சுமி பரந்தாமன்

புனே
24-6-2024

வரலட்சுமிக்கு,

ஹேமாவதி எழுதுவது. கிழிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

முதலில் என் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எழுத வராது. அன்றைக்கு வானகரம் மண்டபத்துக்குத் தாய்மாமன் சீர்வரிசையோடு நாங்கள் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். பைபாஸில் லாரி கவிழ்ந்து வழி அடைத்துவிட்டது. உன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, போலீஸ்காரரிடம் கெஞ்சி, பழத்தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். வந்து பார்த்தால், பெண் நெற்றியில் மாமன் கட்ட வேண்டிய பட்டத்தை உன் பெரியப்பா மகன் கட்டி முடித்தாகிவிட்டது. "யாராச்சும் ஒரு மாமன் கட்டுனா சரிப்பா" என்று உன் வீட்டுக்காரர் மைக் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாராம். உன் அண்ணன் அதையும் பொறுத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். "மாமன் சீரு மாட்டு வண்டியில வந்துச்சா?" என்று எவனோ கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் எழுந்தார். நானும் கூடவே எழுந்தேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

சரி. கொட்டியாயிற்று.

அவர் போனில் நன்றாகத்தான் பேசுகிறார். "இன்னா பண்ற, குழந்தை எப்புடி கீது" என்பார். தினமும் அதே இரண்டு கேள்வி என்று இப்போதுதான் உறைக்கிறது. நான் கிளம்பும்போது பெட்டிச் சாவி எங்கே, கண்ணாடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். வயசு என்று நினைத்துவிட்டேன்.

என்னால் இப்போது வர முடியாது. யுவராணி எழுந்து தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. நீதான் பார்க்க வேண்டும். நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. முனியம்மாவிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. இதை உன்னிடம் கேட்கும் நிலை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஹேமாவதி

குமணன்சாவடி
5-7-2024

அன்புள்ள அண்ணிக்கு,

பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அரை மணி நேரம் கேள்வி கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்றால் அண்ணன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்க்கிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். தலையில் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று.

பயப்படாதீர்கள். பயந்ததுபோல் இல்லை. இரத்தத்தில் பி-12 என்ற சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டதாம். சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையுமாம். பாலும் முட்டையும் மீனும் இல்லாமல் இருந்தால் இன்னும் குறையுமாம். "எத்தினி நாளா இவரு முட்டை, மீன் சாப்புடல?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கூடப் பிறந்தவளுக்கு அது தெரியாது என்று அந்த அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊசி போடுகிறார்கள். முதலில் அடுத்தடுத்து, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. கூடவே சாப்பாடு. கடையில் விற்கிற பவுடர் எதுவும் வேண்டாம் என்றார். அன்றாடம் வீட்டில் செய்வதைச் சரியாகத் தேர்ந்தெடுத்துப் போட்டாலே மூளைக்குப் போதுமாம். வெள்ளைச் சோற்றைக் குறைத்து, மீன், முட்டை, தயிர், கீரை, பயறு. பாதாம், வால்நட் வாங்கட்டுமா என்று கேட்டேன். "வசதி இருந்தா வாங்குங்க, இல்லன்னா ஒரு கைப்பிடி வேர்க்கடலை வறுத்துக் குடுங்க" என்றார். வல்லாரையைப் பற்றியும் கேட்டேன், சிரித்துவிட்டார். "கீரையா துவையல் அரைச்சுப் போடுங்க, நல்லதுதான். அதை நம்பி ஊசிய மட்டும் விட்டுராதீங்க" என்றார்.

எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டேன். சொல்ல முடியாது, நேரத்தோடு பிடித்திருந்தால் நிறையத் திரும்பும் என்றார்.

இனிமேல் தனியாகப் பஸ்ஸில் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இவரே காலையில் வண்டியில் போய் அழைத்துக்கொண்டு வருகிறார். பின்னால் உட்கார்ந்துகொண்டு அண்ணன் வழியெல்லாம் "மெதுவா போ, மாமே" என்று அதட்டுகிறாராம். பழைய நாள் மாதிரியே இரண்டு பேரும் பேசிக்கொண்டு வருகிறார்கள். எனக்குத்தான் பார்க்கத் தாங்கவில்லை.

அன்புடன்,
வரலட்சுமி

புனே
13-7-2024

அன்புள்ள லட்சுமிக்கு,

முட்டையையும் மீனையும் நிறுத்தியது நான்தான். நாலு வருஷம் முன்னால் நெஞ்சு லேசாக வலித்தது என்றார். டாக்டர் வாயு என்றுதான் சொன்னார். நான் கேட்டேனா? போனில் வருகிற வீடியோவை எல்லாம் பார்த்து முட்டை கொழுப்பு, மீன் சூடு, பால் சளி என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். உப்பில்லாத சுரைக்காயும் சோறுமாகப் போட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சாப்பிட்டார். நல்ல பிள்ளையாகிவிட்டார் என்று பெருமை வேறு. எனக்கு நானே போட்டுக்கொண்ட டாக்டர் பட்டம். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை.

இப்போது கேள். பெரிய மீன் முள்ளோடு போடாதே, பேசிக்கொண்டே விழுங்கிவிடுவார். நெத்திலி போடு, முள்ளோடு மென்றுவிடலாம். மத்தி கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் வாடை பிடிக்காது என்பார், இஞ்சி தட்டிப் போட்டு ஏமாற்று. முருங்கைக்கீரையைத் தனியாகப் பொரியல் செய்தால் ஒதுக்கி வைப்பார். அடையில் கலந்துவிடு. தயிர் புளிக்கக் கூடாது. கேழ்வரகுக் களி என்றால் முகம் சுளிப்பார், கூடக் கருவாட்டுக் குழம்பு இருந்தால் மறுபேச்சு இல்லை. முட்டையை வேகவைத்துப் பாதியாக வெட்டி மிளகுத்தூள் போடு.

எழுதும்போதே நினைத்துக்கொண்டேன், நாற்பது வருஷம் அவருக்குச் சமைத்தவள் நான். நாலு வருஷமாக இதில் ஒன்றையும் போடவில்லை.

அவர் நேற்றுப் போனில், "ஏ ஹேமா, நீ பூனாவுல கீற இல்ல?" என்றார். அவராகவே சொன்னார், லட்சுமி. நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பரந்தாமன் அண்ணனைக் கேட்டதாகச் சொல். (சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.)

அன்புடன்,
ஹேமாவதி

குமணன்சாவடி
20-8-2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்கிறேன். மத்தியை மட்டும் கண்டுபிடித்துவிட்டார். "இஞ்சி போட்டு யாரை ஏமாத்துற நீ?" என்றார். அண்ணன் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் பேசிக் கேட்டு நாளாயிற்று. அதற்காகவே மறுநாளும் மத்தி வாங்கினேன்.

கிழமை சொல்கிறார். பேப்பரை எடுத்து முதல் பக்கம் படிக்கிறார். பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதல்லவா என்று அவரே கேட்டார். ஆமாம், ஒரு பையன் இருக்கிறான் என்றேன். "மாப்ள எந்த ஊரு?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. நான் அவசரமாகத் தயிர் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

இப்போது ஒன்று எழுதப் போகிறேன், திட்டக் கூடாது. பத்து நாள் முன்னால் இவர் மெதுவாகச் சொன்னார்: "லச்சுமி, ஒண்ணு யோசிச்சியா? மச்சானுக்கு நல்லா ஆயிடுச்சுன்னு வையி, மொத்தமும் ஞாபகம் வந்துரும். அப்பால இந்தப் பக்கமே வரமாட்டாரு." நான் யோசிக்காமலா இருப்பேன்? முதல் ஊசி போட்ட நாளிலிருந்து இதே யோசனைதான். நான் போடுகிற ஒவ்வொரு முட்டையும் ஒவ்வொரு மீனும் அவரை அந்தப் பந்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

போன வாரம் ஊசி நாளன்று மழை. "இன்னிக்கி வாணாம், தூறுது" என்றார் அண்ணன். சரி, வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன். ஃபேனுக்கு அடியில் படுத்துத் தூங்கினார், நான் அவர் பக்கத்தில் பயறு புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? இப்படியே இருந்தால் என்ன, தினமும் வருவார், சாப்பிடுவார், தூங்குவார், என்னிடம் ஒரு கோபமும் இருக்காது என்று தோன்றியது. அப்போது விழித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அறை முழுக்கப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பயந்துபோன முகம். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனேன்.

ஊசி போட்டாயிற்று. ஆனால் அண்ணி, எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்போல் இருக்கிறது. அவ்வளவுதான்.

அன்புடன்,
லட்சுமி

புனே
29-8-2024

அன்புள்ள லட்சுமிக்கு,

முதலில் நல்ல செய்தி. திங்கட்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். எட்டாம் மாதம் என்பதால் மிகவும் சின்னதாக இருக்கிறாள், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். யுவராணி நன்றாக இருக்கிறாள். உன் அண்ணனிடம் சொன்னேன். "எம் பேத்தி எத்தினி கிலோ?" என்று கேட்டு, மறுநாள் போன் செய்து ஏறியிருக்கிறதா என்றும் கேட்டார். முந்தின நாள் சொன்ன எடையைச் சரியாக ஞாபகம் வைத்திருந்தார்.

உன்னைத் திட்டவில்லை. உன் இடத்தில் நானாக இருந்தால் ஆட்டோ கூப்பிட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

நான் ஒன்று சொல்லட்டுமா? கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. "எந் தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, எங்க அண்ணன் வரட்டும்னு" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவருக்குப் பட்டம் கட்டவில்லை என்பதோ எவனோ சிரித்ததோ பெரிதில்லை. நீ நிறுத்தவில்லை என்பதுதான். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அவ்வளவு ஆசை இல்லாதவனுக்கு இவ்வளவு கோபம் இருக்காது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவருக்கு எல்லாம் திரும்பி வரட்டும். வந்து கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். நீ போட வேண்டியதைப் போடு.

அன்புடன்,
அண்ணி

குமணன்சாவடி
30-9-2024

அன்புள்ள அண்ணிக்கு,

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று முனியம்மா சொன்னாள். சுற்றிப் போடுங்கள்.

அண்ணன் மூன்று நாளாக வரவில்லை. உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நடந்ததை நானே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை அடை, தயிர். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினார். எதிரில் உட்கார்ந்து இவர் வழக்கம்போல் சாலையைத் திட்டிக்கொண்டிருந்தார். "இன்னிக்கி வானகரத்துல ஒரே டிராபிக்கு மச்சான், அரை மணி நேரம் அப்புடியே நின்னுகினு இருந்தேன்" என்றார். வெறும் பேச்சுதான், வேண்டுமென்று சொல்லவில்லை.

அண்ணன் கை அப்படியே நின்றுவிட்டது. "நானுந்தான் நின்னேன்" என்றார். "தட்டு தட்டா சீரு வண்டியில கீது. நான் நடுரோட்ல நின்னுகினு கீறேன். பத்து நிமிசம் பொறுக்க முடியல உன்னால?" என்றார் இவரைப் பார்த்து.

இவருக்கு முகம் செத்துவிட்டது. "தப்புதான் மச்சான். அன்னிக்கே சொல்லியிருக்கணும், தப்புதான்" என்றார். அண்ணன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தன் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நான் எப்புடி இங்க வந்தேன்?"

"சாப்புட வந்தண்ணே. தெனமும் வருவ" என்றேன்.

எழுந்துவிட்டார். வாசல் குழாயில் ரொம்ப நேரம் கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டைக் கூடச் சாத்திவிட்டுத்தான் போனார். இவர் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பார்த்தார். சரியான பஸ்ஸைப் பார்த்து ஏறி, சரியாகச் சில்லறை எடுத்துக் கொடுத்து, டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். இவர் திரும்பி வந்து அதைச் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

டாக்டரம்மா சொன்னது நடந்துவிட்டது, அண்ணி. நிறையவே திரும்பிவிட்டது. நேற்றும் இன்றும் நான் சோறு கூடவே வடித்தேன். பன்னிரண்டு மணியானால் கேட்டைத்தான் பார்க்கிறேன். பால்காரர் திறந்தாலும் வாசலுக்கு ஓடுகிறேன்.

இனி அவர் எங்கே சாப்பிடுவார் என்று மட்டும் பாருங்கள். முனியம்மாவிடம் சாமான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், என் பெயரைச் சொல்லாமல் சமைத்துக் கொடுக்கிறாள்.

அன்புடன்,
லட்சுமி

ஐயப்பன்தாங்கல்
21-11-2024

அன்புள்ள லட்சுமிக்கு,

தீபாவளி முடிந்து போன வாரம் வந்து சேர்ந்தேன். நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு உனக்குத் தபால் போடுகிறேன். சிரிக்காதே. போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

என்னை அழைத்துப் போக சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அவரே வந்திருந்தார். எந்தப் பெட்டி என்று தேடாமல் நேராக வந்து நின்றார். கண்ணாடி எங்கே, சாவி எங்கே என்று இப்போது நான்தான் தேடுகிறேன், அவர் எடுத்துக் கொடுக்கிறார். உன்னுடைய டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். நூறு கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறார். நடுவிலே போன அந்தச் சில மாதங்கள் மட்டும் திரும்பாமலே போகலாம் என்றார்.

அதுதான் உனக்கு எழுத வேண்டும். "நான் இல்லாதப்ப எங்க சாப்ட்டீங்க?" என்று கேட்டேன். "ஓட்டல்ல" என்றார். எந்த ஓட்டல் என்றேன். "எதோ ஒரு ஓட்டல், இன்னா இப்ப?" என்றார். பொய்யா, உண்மையிலேயே தெரியவில்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் வீட்டில் எழுந்து வந்த அந்த வெள்ளிக்கிழமையாவது தெரியுமா என்று பேச்சைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் வானகரம் மட்டும் ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. யார் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பது வரை. உன் பேரை எடுத்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார்.

நான் சொல்லிவிடட்டுமா? உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்கள் தங்கைதான் உங்களைக் காப்பாற்றினாள், அவள் வீட்டில் நாலு மாதம் கை நனைத்தீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. வாய் வரைக்கும் வருகிறது. உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறேன்.

அவர் வருகிறாரோ இல்லையோ, நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். கை நனைக்க மாட்டேன் என்று அவர்தான் சொன்னார். நான் கூட எழுந்தவள்தான், ஆனால் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. நிறைய சமைக்காதே. பரந்தாமன் அண்ணனை வீட்டில் இருக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணி

குமணன்சாவடி
2-12-2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வந்து சாப்பிட்டுப் போனதிலிருந்து வீட்டுக்கே ஒரு களை வந்திருக்கிறது. இவர் நாளைக்கு இரண்டு தடவை "உங்க அண்ணி இன்னா சொன்னாங்க தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே மறந்துபோய். இவருக்கும் ஒரு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். சொல்ல வேண்டாம், அண்ணி. சொன்னால் முதலில் நம்ப மாட்டார். நம்பினாலோ இன்னும் மோசம். புத்தி தெளியாத நேரம் பார்த்து உட்காரவைத்துச் சோறு போட்டு என் வார்த்தையை உடைத்துவிட்டாள் என்று நினைப்பார். அவர் தானாக நடந்து வந்தார் என்பதை எப்படி நிரூபிப்பேன்? ஒரு தடவை அவமானப்படுத்தி அனுப்பியது போதும். அந்த நாலு மாதம் எனக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன், போதவில்லைதான். மீன்காரி வந்தால் நெத்திலிதான் வாங்குகிறேன். எங்கள் இரண்டு பேருக்கு அரைக் கிலோ எதற்கு என்று அவளே கேட்கிறாள். எனக்கு என் அண்ணன் வேண்டும், அண்ணி. ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, வந்து ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும்.

நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். குமணன்சாவடி சிக்னலில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து அண்ணன் இறங்கினார். முகச்சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, கையில் பையோடு, பழைய மாதிரி நிமிர்ந்து நின்றார். நடுவில் அவ்வளவு பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, அத்தனை கூட்டம். நிமிர்ந்து பார்த்தவர் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறு என்று நடந்து போய்விட்டார்.

ஆனி மாதம் ஒரு நாள் என் எதிரில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் யார் என்று தெரியாமல் என் முகத்தையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? கடைசியில் அம்மா என்று கூப்பிட்டார். நேற்று அவ்வளவு பெரிய சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவ்வளவு கூட்டத்தில், கண் மூடித் திறப்பதற்குள் என்னைத் தெரிந்துகொண்டார், அண்ணி.

நடு ரோட்டில் நின்று அழுதேன், சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். எங்க அண்ணன் போறாரு என்றேன்.

இந்த மாத ஊசி பதினைந்தாம் தேதி. தள்ளிப்போட விடாதீர்கள்.

என்றும் அன்புள்ள,
லட்சுமி